சாயங்காலமும் சாய்வு நாற்காலியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘சாய்’ என்ற வினைச்சொல்லைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி வரைக்கும் நன்றாகவே இருந்தது. பொழுது சாயும் காலம்தான் சாயுங்காலம் ஆகி, அப்புறம் சாயங்காலம் ஆனது என்று எழுதியிருந்த இடத்தில்தான் இடறிவிட்டது. வடமொழியில் சாயம் என்றாலே மாலைப்பொழுதுதான். கோயிலில் மாலையில் நடக்கிற சாயரட்சைப் பூசையில் இருப்பதும் அதே சொல். இந்திக்காரர்களும் ‘சாயங்கால்’ என்கிறார்கள், அவர்களிடம் நம்முடைய ‘சாய்’ ஏது? இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பதால் நம் காதில் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, ‘பொழுது சாயறதுக்குள்ள துணியை எடு’ என்று என் மாமியார் சொல்வதை யாரிடமும் கடன் வாங்கவில்லையே. எங்கள் கடலூரில் கடல் கிழக்கே இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் நாலரை மணிக்கு மேல் கடலைப் பார்த்து நின்றால் நம் நிழல் நமக்கு முன்னால் தண்ணீரை நோக்கி நீளும், பொழுது முதுகுக்குப் பின்னால் ஊர்ப்பக்கம் சாயும்.

இன்னொன்று, சாய்வதும் மல்லாந்து படுப்பதும் ஒன்று என்பதுபோல எழுதியிருக்கிறார். நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருப்பவள். (சிரிக்க வேண்டாம், இரண்டுக்கும் கண் நன்றாகத் தெரிய வேண்டும்.) வருஷத்துக்கு நாலைந்து பேராவது இன்னமும் சாய்வு நாற்காலிக்குத் துணி தைக்கக் கொண்டுவருகிறார்கள். பட்டை பட்டையாகக் கோடு போட்ட கெட்டித் துணி. இரண்டு முனையையும் மடித்து, உருட்டுக்கட்டை நுழைகிற அளவுக்கு இரட்டைத் தையல் போட வேண்டும். நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாலு விரல் கூடிப்போனால் உட்காருபவர் தொட்டிலில் விழுந்த பிள்ளை மாதிரி உள்ளே போய்விடுவார், எழுப்ப ஆள் வேண்டும். குறைந்துபோனால் முதுகு நிமிர்ந்து, பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ‘படுக்கிற மாதிரி வேணாம்மா, கொஞ்சம் சாஞ்சாப்ல இருந்தா போதும், பேப்பர் படிக்கணும்’ என்று போன மாதம் ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். சாய்தல் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. நிற்பதற்கும் கிடப்பதற்கும் நடுவில் அது ஓரிடம், முதுகுக்கு ஏதோ ஒன்று தாங்கலாக இருக்க வேண்டும்.

ஆனால் தாங்கல் இல்லாமலும் சாயும் என்பதை 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காட்டிவிட்டது. ‘தானே’ என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அன்று, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. அன்றைக்கு எல்லார் வாயிலும் ‘சாஞ்சிடுச்சு’தான். ‘புயல் சாய்ச்சிடுச்சு’ என்று நான் யார் சொல்லியும் கேட்கவில்லை. கோடாலி எடுத்து வெட்டினால்தான் ‘சாய்ச்சாங்க’. சாய்ந்தது, சாய்த்தது என்ற இந்த இரண்டையும் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறது. தலை தானாகச் சாய்வது வேறு, செவி சாய்ப்பது வேறு, ஒருத்தனை அடித்துச் சாய்ப்பது முற்றிலும் வேறு. பள்ளிக்கூடத்துச் சாய்சதுரம் எந்தப் பக்கம் சேரும் என்று என் பெண் கேட்டாள். அது பாவம், யாரோ தள்ளிவிட்ட சதுரம் மாதிரிதான் நிற்கிறது.

சரி, வேருக்கு வருகிறேன். சாயங்காலத்தைப் பிடித்துக்கொண்ட கட்டுரையாளர் தொல்காப்பியத்தைக் கோட்டைவிட்டுவிட்டார். உரிச்சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியலில் ‘சாயல் மென்மை’ என்று இரண்டே சொல்லில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதே இயலில் ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்றும் வருகிறது. அதாவது, இருக்கிற ஒன்று மெலிந்து நுணுகிப்போவது சாய்தல். பிரிவில் தோள் மெலிவதற்குச் சங்கப் பாட்டுகளில் ‘சாஅய்’ வருவது இதனால்தான். ‘சாயலும் நாணும் அவர்கொண்டார்’ என்று குறளில் (1183) தலைவி பறிகொடுத்துவிட்டுப் புலம்பும் சாயலும் அழகோடு சேர்ந்த மென்மைதான், இன்று நாம் ‘அப்படியே அப்பா சாயல்’ என்கிறோமே, அந்தச் சாயல் இல்லை. கோரைக்கும் சாய் என்றே பெயர். பூம்புகார்ப் பக்கம் இருக்கும் திருச்சாய்க்காடு கோரைக்காடுதான். மெலிந்து உயர்ந்தது எதுவும் காற்றுக்கு வளையும், சாயும். மெலிவிலிருந்துதான் சாய்வு வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. வாய்க்கால் ஓரம் கோரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதற்குச் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பக்கத்திலேயே இருக்கிற ‘சார்’ என்ற சொல்லைக் கட்டுரை தொடவே இல்லை. ஏணியைச் சுவரில் ‘சாத்தி வை’ என்கிறோமே, அது ‘சார்த்தி’ தேய்ந்து வந்தது. நாம் சாய்வு நாற்காலி என்பதை மலையாளத்தார் ‘சாருகசேர’ என்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் இறக்குகிற கூரையைச் சாய்ப்பு என்பவர்களும் உண்டு, சார்ப்பு என்பவர்களும் உண்டு. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள உறவை வைத்தே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அவரையே எழுதச் சொல்லுங்கள், நான் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன்.

ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்