எண்ணூரில் என்றைக்கு ஐயா பனி கொட்டியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ‘எண்ணூருக்குள் படையெடுக்கும் தந்திர நரிகள்’ செய்தியைப் பார்த்தேன். படத்தில் நரி முழங்கால் அளவு பனியில் நிற்கிறது. அறுபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். பனி கொட்டிய அன்று மட்டும் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

படத்தில் இருப்பது குளிர்நாட்டுச் செந்நரி, வால் நுனி வெள்ளை. எங்கள் பக்கம் திரிவது குள்ளநரி, வால் நுனி கறுப்பு. நாய்க்கும் ஓநாய்க்கும் பங்காளி முறை. செந்நரிக்குத் தூரத்துச் சொந்தம். தங்களுக்குத் தெரியாததா!

அனல் மின் நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்துச் சாம்பல் குழாய் ஓரமாகச் சைக்கிளில் வருவேன். விடிகிற நேரத்தில் உப்பளக் கரையில் ஜோடியாக நின்று நண்டு பிடித்துக்கொண்டிருக்கும். எலி, இலந்தைப் பழம், செத்த மீன், எது கிடைத்தாலும் சரி. அப்படித் தின்னத் தெரிந்ததால்தான் தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தாய்லாந்து வரை பிழைத்துக் கிடக்கிறது. முந்தின ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு தாய் தகப்பனோடு தங்கி, அடுத்த குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டும். (என் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.) கோழி பிடிக்காதா என்றால், பிடிக்கும். என் அக்கா வீட்டில் இரண்டு போயிருக்கிறது. அதற்காகப் படையெடுப்பா?

கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் வந்து படிந்ததே, அது என்ன எடுப்பு? 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து அலையாத்தி மரங்களில் இடுப்பளவு கறுப்பாக அப்பிக்கொண்டபோது இந்தச் சொல் உங்கள் அச்சகத்தில் இல்லையா? அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் நான்கு வரியாக வந்தது, ஊர்ப் பெயர் ராயபுரம் என்று. கிண்டிப் பூங்காவில் இதே குள்ளநரி இருந்தால் நகரத்தின் இயற்கைச் செல்வம். எண்ணூரில் இருந்தால் தந்திரம். வட சென்னை என்றால் மனுஷனுக்கும் இதே கதிதான், வெட்டுக்குத்து நடந்தால்தானே எங்கள் தெருவுக்கு உங்கள் போட்டோகிராபர் வருகிறார்.

வருத்தம் தெரிவித்தெல்லாம் சிரமப்பட வேண்டாம். அடுத்த முறை படம் போடும் முன் வால் நுனியை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், இந்தக் கடிதத்தைப் போட்டால் ஊர் எண்ணூர்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
எண்ணூர், சென்னை