பெட்டியில் வயது ஏன் அச்சிடப்படவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கொட்டாஞ்சேனைப் பட்டறையிலிருந்து இம்முறை வந்த மரக்கட்டைப் பெட்டிகளில் ‘3 வயதுக்கு’, ‘4 வயதுக்கு’, ‘5 வயதுக்கு’ என்ற பிரிவைக் காணாமல், அச்சகத்தில் பிழை நேர்ந்துவிட்டதா என்று பெற்றோர் பலரும் முன்பள்ளி ஆசிரியைகள் சிலரும் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். பிழை அல்ல, தெரிந்தே எடுத்துவிட்டோம்.

சென்ற தவணையில் வெள்ளவத்தையிலுள்ள ஒரு முன்பள்ளிக்குப் பெட்டிகளை இறக்கப் போயிருந்தோம். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பாலம் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தூணுக்கு முழுக்கட்டை மிஞ்சவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த மூன்று வயதுப் பையன், யாரும் கேளாமலே, இரண்டு அரைக்கட்டைகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினான். அவள் தலையைச் சாய்த்து இரு தூண்களையும் கண்மட்டம் பார்த்துவிட்டு, “சரி தம்பி, இனிக் கையை எடு” என்றாள். அவன் எடுக்கவில்லை, விழுந்துவிடும் என்ற பயம். எங்கள் பழைய பெட்டிக் கணக்கின்படி இவர்கள் இருவரும் வெவ்வேறு பெட்டிகளோடு வெவ்வேறு மூலைகளில் இருந்திருப்பார்கள்.

கட்டையின் அளவு எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை வகுத்த 4:2:1 என்ற விகிதத்தையே பின்பற்றுகிறோம்: நீளம் 14, அகலம் 7, தடிப்பு 3.5 சென்ரிமீற்றர். அரை இரண்டு முழு ஒன்றுக்குச் சமம் என்பது, யாரும் சொல்லிக்கொடுக்கும் முன்பே பிள்ளையின் கைக்குத் தெரிந்துவிடுவது இதனால்தான். சின்னப் பிள்ளை அடுக்கித் தள்ளி விழுத்தும். பெரிய பிள்ளை அதே கட்டையால் வீதியும் வீடும் அமைத்து, அதற்குள் ஆட்களையும் குடிவைக்கும்.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை ஒரே அறையில் வைப்பதும் புதுமை அல்ல. அம்முறையைக் கைக்கொண்ட மரியா மொன்டிசோரி 1907இல் ரோமில் தமது முதல் இல்லத்தைத் தொடங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். கொழும்பில் எந்த முன்பள்ளியையும் ‘மொன்டிசோரி’ என்றுதான் சொல்கிறோம். பெயர் ஒட்டிக்கொண்டது, வயதுக் கலப்புத்தான் பல இடங்களில் ஒட்டவில்லை.

மாதிரிப் படங்களையும் நிறுத்தியுள்ளோம். முன்பு ஒரு தொகுதிப் பெட்டிகளில் கோபுரம், கப்பல் என்று படங்களை அச்சிட்டு வைத்தோம். படத்தில் உள்ளதுபோல் வரவில்லை என்று பிள்ளைகள் அழுவதாகச் சொல்லி, ஆசிரியை ஒருவர் எல்லாப் படங்களையும் ஒரு கடித உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரி.

கட்டைகளில் ‘அ, ஆ’ பொறித்துத் தரும்படி கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். ஜனவரியில் தரம் 1க்குப் போகும் பிள்ளையைப் பற்றிய உங்கள் கவலை எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் எழுத்துப் பொறித்த கட்டையைப் பிள்ளை எடுத்ததும், அது என்ன எழுத்து என்று பெரியவர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாலம் பாதியில் நின்றுவிடுகிறது.

ஓர் எச்சரிக்கையை மட்டும் விடவில்லை. சிறு உருளைகளும் மணிகளும் தொண்டையில் சிக்கக்கூடியவை என்பதால், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அவற்றைத் தனியே சிவப்புத் துணிப்பையில் கட்டி அனுப்புகிறோம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தப் பையை அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து பையை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பட்டறையினர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13