வாந்தி பேதின்னு மட்டும் போடாதீங்க, எந்த வைரஸ்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை விட்டு பனி ஆரம்பிச்சா போதும், வருஷா வருஷம் உங்க பேப்பர்ல அச்சு மாறாம ஒரு செய்தி வருது. "வாந்தி, வயிற்றுப்போக்கு: குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அனுமதி"ன்னு தலைப்பு, கீழ நாலு வரி, குடிநீர்ல சாக்கடை கலந்துடுச்சுன்னு ஊர்மக்கள் புகார், அதிகாரிங்க வந்து தண்ணி சாம்பிள் எடுத்துட்டு போனாங்க, அவ்வளவுதான். அந்த சாம்பிள்ல என்ன வந்துச்சுன்னு அடுத்த வாரம் ஒரு வரி கிடையாது. குழந்தையோட மலத்தை யாராவது டெஸ்ட் பண்ணாங்களான்னு எந்த நிருபரும் கேட்ட மாதிரியும் தெரியல. நான் வேலூர் பக்கம் லேப் டெக்னீஷியனா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், இந்த சாம்பிள் டப்பாவோடயே பாதி வாழ்க்கை போச்சு, அதனாலதான் இந்த லெட்டர்.

தண்ணி மேல பழி போடறது தப்புன்னு சொல்லலீங்க, காலரா டைபாய்டு எல்லாம் தண்ணியில வர்றதுதான். ஆனா ரெண்டு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு வர்ற பேதியில பெரும்பங்கு வைரஸ். அதுவும் ஒரு வைரஸ் இல்ல, ஒரு கூட்டமே இருக்கு. ரோட்டா, நோரோ, சப்போ, ஆஸ்ட்ரோ, அடினோவுல 40, 41ன்னு குடலைப் பிடிக்கிற ரெண்டு டைப், இது போக என்டிரோவைரஸ்னு ஒரு பெரிய குடும்பம், அந்த குடும்பத்துல ஒண்ணுதான் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச போலியோ. காலை முடக்குற வியாதின்னுதான் போலியோவை நினைக்கிறோம், ஆனா அது வாழறது குடல்ல, பரவுறது மலத்துல, தொத்தின 200 குழந்தைல ஒண்ணுக்குத்தான் வாதம் வரும், மத்தவங்கள்ல பெரும்பாலானவங்க சும்மா சுமந்துட்டு திரிவாங்க.

இந்த சும்மா சுமக்கறதுதான் லேப்ல உக்காந்தா தலைவலி. பேதி ஆகுற குழந்தையோட சாம்பிள்ல மூணு கிருமி ஒண்ணா வரும், பக்கத்து வீட்ல நல்லா விளையாடிட்டு இருக்குற குழந்தைய டெஸ்ட் பண்ணா அதுலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும். அப்போ எது காரணம்? இதை பிரிச்சு சொல்றதுக்கே உலகம் முழுக்க பெரிய பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, மால்-எட்னு எட்டு நாட்டுல நடந்த ஒண்ணுல நம்ம வேலூரும் ஒரு இடம்.

ரோட்டாவையே எடுத்துக்குங்க. 1973ல மெல்போர்ன்ல ரூத் பிஷப்ங்கிற அம்மாவும் கூட இருந்தவங்களும் பேதியில படுத்த குழந்தைங்களோட குடல்ல இருந்து துளி சதை எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்து கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முன்னாடி குழந்தை பேதியில பாதிக்கு மேல காரணமே தெரியாம இருந்துச்சு. இந்தியால தடுப்பு மருந்து வர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு சுமார் 78 ஆயிரம் குழந்தைங்க ரோட்டாவால செத்துட்டு இருந்தாங்கன்னு ஒரு கணக்கு. ஏழை பணக்காரன்னு பார்க்காது, அமெரிக்காவுலயும் தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடி அஞ்சு வயசுக்குள்ள கிட்டத்தட்ட எல்லா குழந்தைக்கும் வந்து போச்சு. அங்க சாவு கம்மி, ஏன்னா நேரத்துக்கு நீர்ச்சத்து ஏத்திடுவாங்க.

இந்த வைரஸ்க்குள்ள மரபணு 11 துண்டா இருக்கும். ஒரே குழந்தைக்கு ரெண்டு டைப் ஒண்ணா தொத்துச்சுன்னா ரெண்டு சீட்டுக்கட்டை கலந்து போட்ட மாதிரி துண்டெல்லாம் மாறி புதுசா ஒண்ணு வெளிய வரும். சில சமயம் மாட்டு ரோட்டாவோட துண்டு கூட மனுஷன் ரோட்டாவுல ஏறிடும். சிரிக்காதீங்க, நம்ம நாட்டு சொட்டு மருந்து ரோட்டாவாக் இருக்கே, அதுல இருக்குற வைரஸே அப்படிப்பட்டதுதான். 1980கள் நடுவுல டெல்லி எய்ம்ஸ்ல பொறந்த குழந்தைங்க கிட்ட கிடைச்சுது, தொத்தியிருந்துச்சு ஆனா அந்த குழந்தைங்களுக்கு பேதியே இல்ல, இதை மருந்தாக்கலாமேன்னு டாக்டர் எம்.கே.பான் பிடிச்ச பிடியில நின்னாரு. அந்த வைரஸ்ல ஒரு துண்டு மாட்டு ரோட்டாவோடது.

இப்போ வேலூர் கதைக்கு வரேன், இது நம்ம ஜனங்களுக்கே தெரியாதுங்கிறதுதான் வருத்தம். 2000த்துக்கு அப்புறம் டவுனுக்குள்ள நெருக்கடியான தெருக்கள்ல, பீடி சுத்துற குடும்பங்க நிறைய இருக்குற ஏரியால, சிஎம்சி டாக்டர்ங்க 373 குழந்தைங்கள பொறந்ததுல இருந்து மூணு வயசு வரைக்கும் விடாம பாத்தாங்க. டாக்டர் ககன்தீப் காங் பேரு கொரோனா டைம்ல டிவில கேட்டிருப்பீங்க, அவங்க டீம்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மல சாம்பிள், பேதி இருக்கோ இல்லியோ. 2011ல ரிசல்ட் வெளிய வந்துச்சு. ஆறு மாசம் முடியறதுக்குள்ள 56 சதவீத குழந்தைக்கு ரோட்டா தொத்தியாச்சு. இதுக்கு முன்னாடி மெக்சிகோவுல இதே மாதிரி பாத்தப்போ ரெண்டு தடவ தொத்துனா அப்புறம் கடுமையான பேதி வரவே இல்ல, ஆனா வேலூர்ல மூணு தடவ தொத்துன பின்னாடியும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அதே டைப்பு திரும்பி வந்தாகூட நம்ம குழந்தைங்களுக்கு தடுப்பு தனியா கூடல.

இதே ஊர்ல 1970கள்லயே டாக்டர் ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து மூணு டோஸ் குடுத்தும் நிறைய குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி வரலன்னு காட்டினாரு, அதனாலதான் நம்ம நாட்டுல போலியோ சொட்டு திரும்பத் திரும்ப குடுக்க வேண்டி வந்துச்சு. வாய் வழியா குடுக்குற மருந்து நம்ம ஊர் குடல்ல ஏன் கம்மியா பிடிக்குதுன்னு இன்னும் ஆராய்ச்சி ஓடுது, தாய் கிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி, குடல்ல ஏற்கனவே குடியிருக்குற மத்த கிருமிங்க, ஓயாத குடல் அழற்சின்னு பல காரணம் சொல்றாங்க.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, எங்க தெரு அங்கன்வாடில புதன்கிழமை தடுப்பூசி போட வர்ற தாய்மாருங்க விஎச்என் (கிராம சுகாதார நர்ஸ்) அம்மாகிட்ட சண்டை போடறாங்க. "போன மாசம் ரோட்டா சொட்டு போட்டீங்க, இந்த மாசம் புள்ளைக்கு பத்து தடவ போகுது, என்ன மருந்து இது"ன்னு. அவங்க கேக்குறதுலயும் நியாயம் இருக்கு, ஏன்னா யாரும் அவங்களுக்கு சொல்லலியே. ரோட்டா சொட்டு ரோட்டாவுக்கு மட்டும்தான். டெல்லி, புனே, வேலூர்ல சோதனை பண்ணப்போ முதல் வருஷத்துல கடுமையான ரோட்டா பேதிய 56 சதவீதம் குறைச்சுது, பாதிக்கு கொஞ்சம் மேல. பாதி தடுத்தாகூட நம்ம நாட்டு கணக்குல அது எத்தனை உசுரு! 2017ல தமிழ்நாட்டுக்கு வந்துச்சு, ஆறு, பத்து, பதினாலாவது வாரம், ஃப்ரீ, ஒரு டோஸும் விடாதீங்க. ஆனா சொட்டு வர்றதுக்கு முன்னாடி எடுத்த கணக்குலயே பேதின்னு அட்மிட் ஆன அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைங்கள்ல பத்துல நாலு பேருக்குத்தான் ரோட்டா இருந்துச்சு. மீதி ஆறு பேருக்கு வேற ஏதோ. அந்த வேற ஏதோ என்னன்னுதான் நான் கேக்குறேன். அது தெரியாததால பழி எல்லாம் சொட்டு மருந்து தலையில விழுது, அப்புறம் அடுத்த டோஸுக்கு புள்ளைய கூட்டிட்டு வர மாட்டாங்க.

நோரோவை பாருங்க, இதுக்கு தடுப்பு மருந்தே இன்னும் வரல. ரொம்ப கொஞ்சம் உள்ள போனாலே போதும், ஒரு க்ளாஸ் ரூமே வாந்தி எடுக்கும். கொரோனா டைம்ல பழகின சானிடைசர் பாட்டில் இதுங்கிட்ட பெருசா வேலை செய்யாது, ஏன்னா இந்த குடல் வைரஸுக்கெல்லாம் மேல கொழுப்பு உறை கிடையாது, சோப்பு போட்டு ஓடுற தண்ணில தேய்ச்சு கழுவினாத்தான் போகும். அங்கன்வாடில தண்ணி டேங்க் இருக்கு, குழாய் இருக்கு, சோப்பு எங்க சார்? நாப்கின் வேற இப்போ கிராமம் வரைக்கும் வந்தாச்சு, குழந்தை போனதை அப்படியே சுருட்டி வேலி ஓரத்துல வீசிட்டு போறாங்க, அதுல கோடிக்கணக்குல வைரஸ், நாய் இழுத்துட்டு வந்து வாசல்ல போடுது.

கேரளாவுல 2022 ஜூன்ல விழிஞ்ஞத்துல ரெண்டு ஸ்கூல் குழந்தைக்கு நோரோன்னு லேப்ல உறுதி பண்ணி மந்திரியே அறிவிச்சாங்க, 2023 ஜனவரில எர்ணாகுளம் பக்கம் ஒரு ஸ்கூல்லயும் அதே மாதிரி. உடனே நம்ம ஊர்ல என்ன பேச்சு? கேரளாவுல புது வைரஸாம்! அது புதுசு இல்லீங்க, 1968ல அமெரிக்காவுல நார்வாக்ங்கிற ஊர்ல ஒரு ஸ்கூல்ல பரவினது, அந்த ஊர் பேர்தான் அதுக்கு. அவங்க டெஸ்ட் பண்ணாங்க, அதனால பேர் தெரிஞ்சுது. நாம பண்ணல, அதனால நம்மகிட்ட இல்லாத மாதிரி இருக்கு.

எல்லா குழந்தைக்கும் டெஸ்ட் பண்ணுங்கன்னு நான் சொல்லல, அது வீண் செலவு, வைத்தியம் எப்படியும் ஓஆர்எஸ்ஸும் ஜிங்கும்தான். மாவட்டத்துக்கு ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரில வாரத்துக்கு இத்தனைன்னு சாம்பிள் எடுத்து, ரோட்டாவுக்கு எலைசாங்கிற டெஸ்ட், மீதிக்கு பிசிஆர் பண்ணலாம். கொரோனாவுக்கு வாங்கின பிசிஆர் மெஷின் மாவட்டம் மாவட்டமா இருக்கு, எத்தனை இப்போ துணி போர்த்தி கிடக்குதோ. போலியோவுக்கு சாக்கடைத் தண்ணியவே அள்ளி டெஸ்ட் பண்ற நாடு நம்மளது, இது முடியாதா. மாசம் ஒரு தடவ, இந்த மாவட்டத்துல இந்த வைரஸ் ஓடுதுன்னு ஒரு பேப்பர் வெளியிட்டா போதும். அதை நீங்க வானிலை போடற பக்கத்துல ரெண்டு வரி போடுங்க.

இன்னொரு லாபமும் இருக்கு. வைரஸ்னு தெரிஞ்சா ஆன்டிபயாடிக் சிரப் எழுதறது குறையும், பேதின்னு மெடிக்கல் ஷாப்ல சொன்னாலே பாட்டில எடுத்து வெக்கிறாங்க, வைரஸுக்கு அது ஒண்ணும் செய்யாது. எங்க பக்கம் இன்னொரு பழக்கம், பேதி வாந்தின்னா தொண்டையில ஏதோ சிக்கியிருக்குன்னு தொக்கம் எடுக்க தூக்கிட்டு ஓடுவாங்க, பல்லு முளைக்குது அதான் போகுதுன்னு ரெண்டு நாள் சும்மா விடுவாங்க, பால் குடுக்காதேன்னு பெரியவங்க தடுப்பாங்க. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அந்த ரெண்டு நாள்லதான் கண்ணு உள்ள போயி, உச்சிக்குழி அமுங்கி, ஒண்ணுக்கு நின்னு, பிஎச்சிக்கு வரும்போது ட்ரிப் ஏத்த நர்ஸுக்கு நரம்பே கிடைக்காது.

அடுத்த தடவ அந்த செய்தி வரும்போது உங்க நிருபர்கிட்ட ரெண்டே கேள்வி கேக்க சொல்லுங்க. குழந்தைங்க சாம்பிள் லேப்புக்கு போச்சா? ரிசல்ட் என்ன?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன், வேலூர் மாவட்டம்
(பேர் போட வேண்டாம்)

பி.கு: இடம் இருந்தா இதையும் போடுங்க. பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டுன்னா முழுசையும் ஒரு லிட்டர் நல்ல தண்ணில ஒரே தடவையா கலக்கணும், டம்ளருக்கு கொஞ்சமா கொட்டக்கூடாது, கலக்கினத 24 மணி நேரத்துக்கு மேல வெக்கக்கூடாது. ஜிங்க் மாத்திரை ஆறு மாசத்துக்கு மேல 20 மில்லிகிராம், அதுக்கு கீழன்னா 10, பேதி நின்னாலும் 14 நாள் குடுக்கணும். அட்டைப்பெட்டி ஜூஸை ஓஆர்எஸ்னு நினைச்சு வாங்காதீங்க, அதுல சர்க்கரை ஜாஸ்தி, பேதி கூடத்தான் செய்யும்.