பூட்டிய அலுமாரிக்குள் கதைப்புத்தகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலையை அண்டிய தேயிலைத் தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அண்மையில், வாசிப்பின் இன்பத்தையே கதையாகக் கொண்ட சிறுவர் சித்திரப் புத்தகமொன்று கைக்குக் கிடைத்தது. பக்கத்துக்கு ஒரு வரி, மற்றதெல்லாம் படம். அதை இரண்டாம் தரத்தில் படிக்கும் அயல்வீட்டுச் சிறுமியிடம் கொடுத்தேன். கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய் வீடு திரும்பும்வரை, எழுத்தறியாத தன் அப்பாயிக்கு அதை அவள் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வெண்பனி கொட்டும் ஜன்னலோரம் ஒரு பிள்ளை புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் படம் வந்ததும், "அப்பாயி, நம்ம மலையில மாதிரியே பனி மூடியிருக்கு" என்றாள். அது வேறு பனி என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தைத் தன் ஊராக்கிக்கொண்ட பின்னரே அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஆண்டுதோறும் ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடக்கின்றன, அவை நல்லவையே. ஆனால் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களைத் தவிர வேறு எதையும் பிள்ளை கையில் வைத்திருந்தால் அதை வீண்பொழுதென்று எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வீட்டில் மட்டுமா? நான் பணியாற்றிய பாடசாலையொன்றில் நன்கொடையாக வந்த கதைப்புத்தகங்கள், பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற அச்சத்தாலும், இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற தயக்கத்தாலும் அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. நான்கு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு பிள்ளைகூடத் தொட்டுப் பார்க்காமலே அவற்றை எரிக்க வேண்டியதாயிற்று. அன்று வாய்திறந்து கேட்காமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஆகவே, கதைப்புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில், வகுப்பறையிலேயே இருக்க வேண்டும். கிழிந்தவற்றைக் கழிவாகப் பதிவதற்கு அதிபர்களுக்குத் தயக்கமில்லாத வழியைக் கல்வி அதிகாரிகள் செய்துகொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா என்று நாம் இன்றும் சொல்லும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களிலும் பத்துப் படப்புத்தகங்களாவது வைக்கலாம். பொது நூலகம் பட்டணத்தில் இருக்கிறது. தோட்டத்து மேற்பிரிவில் உள்ள லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து சின்னஞ்சிறு பிள்ளைகள் அங்கு போய்வருவது எளிதன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காமன் கூத்தும் தாலாட்டும் கங்காணிக் கதைகளும் நிறைந்த இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு, கூடை சுமக்கும் தாயும் லயத்து வாசலும் வரையப்பட்ட படப்புத்தகங்கள் மிகச் சிலவே கிடைக்கின்றன. நம் எழுத்தாளர்களும் ஓவியர்களும் இதில் கைகோக்கத் தங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கம் இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

அச்சிறுமிக்கு நான் கொடுத்த புத்தகம் கைமாறிக் கைமாறி, இப்போது எங்கள் லயத்தில் ஐந்தாவது வீட்டில் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டதால், கோதுமைமாப் பசை காய்ச்சி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை.