கோயில் கூரைக்கு இன்னும் 5,42,500 ரூபா குறையுது: கட்டட கமிட்டி வேண்டுகோள்

கர்த்தருக்குள் பிரியமான அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், ஷூ கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சிட்டு பஸ்ல உக்காந்து இத படிக்கிற தங்கச்சிங்களுக்கும், சென்னை பெங்களூர் துபாய்னு போயிட்ட நம்ம ஊர் பிள்ளைங்களுக்கும் ஸ்தோத்திரம்.

சுத்தி வளைக்காம சொல்லிடறோம். ஆகஸ்ட் 31க்குள்ள பணம் சேரலன்னா இந்த வருஷமும் கோயில் கூரைய பிரிக்க முடியாது. ஆசாரி ஆறு வாரம் கேக்குறாரு, செப்டம்பர் மொத வாரம் பிரிச்சாதான் ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள ஓடு ஏத்த முடியும், மரக்கடைக்காரரும் இந்த விலை மாசக் கடைசி வரைக்கும்தான், அதுக்கு மேல புது ரேட்டுன்னு எழுதியே குடுத்துட்டாரு. போன டிசம்பர்ல ராப்போஜன மேசை மேலேயே சொட்டுச்சே, நம்ம போதகர் ஐயர் அப்பத்த ஒரு கையாலயும் குடைய ஒரு கையாலயும் பிடிச்சாரே, சின்னப் பசங்க சிரிச்சாங்க, நமக்கு சிரிப்பு வரல. அதுக்கு முன்னாடி ஒருத்தர் தார் ஷீட் ஒட்டி அஞ்சு வருஷம் கேரண்டின்னாரு, அஞ்சு மாசம் தாங்குச்சு, இப்ப போனே எடுக்கறதில்ல. ரெண்டு உத்தரத்துல கரையான் ஏறி, குச்சியால குத்தினா மாவு மாதிரி கொட்டுது. மேற்கு சுவர் விரிசல்ல விரல் நுழையுது.

இந்த கூரைய பத்தி பெரியவங்ககிட்ட பேச ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும். அஸ்திவாரக் கல்லுல வருஷம் இருந்துச்சாம், வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிச்சு வெள்ளையடிச்சு இப்ப ஒரு எழுத்தும் தெரியல. நம்ம மூத்த எல்டர் மட்டும் அடிச்சு சொல்வாரு, கோயில் 1865ல கட்டினது, ஆதாரம் ஓடு பின்னாடியே இருக்குதுன்னு. ஏணி போட்டு சில ஓட்ட கழட்டி பாத்தோம். "பாசெல் மிஷன் டைல் வொர்க்ஸ், 1865"ன்னு முத்திரை இருக்குது, நெசம்தான். ஆனா தாத்தா, அது மங்களூர்ல அந்த ஓட்டு ஆலை ஆரம்பிச்ச வருஷம், நம்ம கோயில் வருஷம் இல்ல, இருபது முப்பது வருஷம் கழிச்சு செஞ்ச ஓட்டுலயும் அதே 1865தான் இருக்கும். அவரு ஒத்துக்கல. இன்னிக்கும் ஒத்துக்கல.

அந்த ஆலை கதைய நாங்களே இந்த வேலையிலதான் தெரிஞ்சிக்கிட்டோம். சுவிட்சர்லாந்து பாசெல் ஊர்ல இருந்து வந்த மிஷனரிங்க அவங்க. மேற்குக் கரையில ஞானஸ்நானம் வாங்கினவங்கள சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள விடல, குலத்தொழிலும் போச்சு. ஜெபம் பண்ணு போதும்னு விட்டுடாம நெசவு ஆலை வெச்சாங்க, அப்புறம் பிளெப்ஸ்ட்னு ஒருத்தர் நேத்ராவதி ஆத்து களிமண்ண பாத்துட்டு ஓடு சுட ஆரம்பிச்சாரு. நாம மங்களூர் ஓடு மங்களூர் ஓடுன்னு சொல்றமே, அது அப்படி வந்ததுதான். சோறில்லாம நின்ன விசுவாசிங்களுக்கு வேலை குடுக்க சுட்ட ஓடு சுத்தி எங்கெங்கயோ கூரை ஆச்சு, நமக்கும் ஆச்சு.

நம்ம பக்கத்து கதை வேற. ஜான் ஸ்கடர்னு நியூயார்க்ல ஒரு டாக்டர், நோயாளி வீட்ல காத்திருந்த நேரத்துல மேசை மேல கெடந்த ஒரு சின்ன மிஷன் புஸ்தகத்த எடுத்து படிச்சாரு, நல்லா ஓடிக்கிட்டிருந்த பிராக்டிஸ விட்டுட்டு 1819ல சிலோனுக்கு கப்பல் ஏறினாரு, 1836ல மெட்ராஸ். அவரு பிள்ளைங்க மூணு பேரு சேந்துதான் 1853ல ஆற்காடு மிஷன ஆரம்பிச்சாங்க. பேத்தி ஐடா ஸ்கடர் 1870ல நம்ம ராணிப்பேட்டையில பொறந்தவங்க.

அந்த அம்மா பக்தியோட வந்தாங்கன்னு நெனச்சிக்காதீங்க. அமெரிக்காவுல படிச்சிட்டு, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு திண்டிவனத்துக்கு வந்தப்ப, எப்படா திரும்பிப் போவோம்னுதான் இருந்தாங்க. ஒரே ராத்திரி மூணு பேரு வந்து கதவ தட்டினாங்க, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதிக்காரர். மூணு பேர் வீட்லயும் பொண்டாட்டி பிரசவ வலியில. எங்கப்பா டாக்டர், அவரு வருவாருன்னு இவங்க சொன்னாங்க, ஆம்பள டாக்டர் வேணாம்னு மூணு பேரும் போயிட்டாங்க. காலையில பாத்தா மூணு பொண்ணுங்களும் செத்துப் போயிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் டாக்டர் படிப்பு, 1899ல அமெரிக்காவுல கார்னெல் மெடிக்கல் காலேஜ்ல பட்டம், 1900ல திரும்ப வேலூர். கெளம்பறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு 8,000 டாலர் வசூல் பண்ண சொல்லியிருந்தாங்க. ஒரு வீட்ல இவங்க பணம் கேட்டு பேசிக்கிட்டிருந்தத அடுத்த ரூம்ல இருந்த ஷெல்னு ஒரு பேங்க்காரர் கேட்டுட்டாரு, மறுநாள் கூப்பிட்டு, செத்துப்போன தன் மனைவி பேர்ல 10,000 குடுத்தாரு. 1902ல 40 படுக்கையோட வேலூர்ல ஆஸ்பத்திரி, 1918ல பொண்ணுங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல். குடியாத்தம் ரோட்டுல வாரா வாரம் வண்டிய நிறுத்தி மரத்தடியில மருந்து குடுத்தாங்களே, அதுல ஒரு மரம் நம்ம ஊர் முக்கு புளியமரம்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்க. எழுத்துல ஆதாரம் இல்ல, மரமும் ரோடு அகலப்படுத்தினப்ப போச்சு. சொல்லிட்டு போகட்டும், நல்ல கதைதானே.

இதெல்லாம் எதுக்கு இவ்ளோ நீட்டுறோம்னா, "பழைய கோயில்னா வெள்ளக்காரன் கட்டினது, அவன்கிட்டயே கேளுங்க"ன்னு ஒருத்தர் டீக்கடையில சொன்னாராம். அவருக்குத்தான். மிஷன்ல இருந்து ஓடும் மரமும் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. சுவரு வரல. தாது வருஷப் பஞ்சத்துல, அதான் 1876-78ல, ஊரு ஊரா செத்தப்ப மிஷன் கஞ்சி ஊத்துச்சு, நம்ம பூட்டன்மாரு பாதி பேரு அதுக்கப்புறம்தான் சபையில சேந்தாங்க. கஞ்சிக்கு சேந்தவங்கன்னு நாக்குமேல பல்லு போட்டு பேசினாங்க, நமக்கு ஏன் ஒளிவு மறைவு. அந்த கஞ்சிக்கு சேந்த கெழவிங்கதான் ஒலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசிய தனியா பானையில போட்டு, மாசக் கடைசியில கோயிலுக்கு கொண்டாந்து கொட்டி, அத வித்து செங்கல் வாங்கினாங்க. பண்ணையில கூலி, வருஷத்துல பாதி நாள் கூழு, அதுல ஒரு பிடி. இப்ப நம்ம வீட்டுல அரிசி மூட்டையா இருக்குது, பானைதான் இல்ல.

கணக்குக்கு வரோம். உத்தரம் ரெண்டு, கை மரம், ரீப்பர் எல்லாம் சேத்து மரம் மட்டும் 6,80,000. ஆசாரி கூலி 2,40,000. பிரிச்சு எறக்கி சாரம் கட்டி ஏத்தறது 1,16,000. மொத்த ஓடு 2,700, அதுல 1,500 பழசு நல்லா இருக்குது, புதுசு 1,200, ஒண்ணு 45 ரூபான்னு 54,000. மேற்கு சுவர் விரிசல், சுண்ணாம்புப் பூச்சு 1,90,000. வயரிங் 88,000. மணி தொங்குற கட்டைக்கு 37,000. ஆக 14,05,000. கையில வந்தது 8,62,500. குறையறது 5,42,500.

தகர ஷீட் போட்டா அஞ்சு லட்சத்துல முடியுமேன்னு கேக்குறீங்க. முடியும். வேலூர் வெயில்ல மே மாசம் அதுக்கடியில ஒரு கல்யாணம் நடத்தி பாருங்க, அப்புறம் மழையில பிரசங்கம் கேட்டுப் பாருங்க. கமிட்டி மூணு மீட்டிங் போட்டு சண்டை போட்டுத்தான் ஓடுன்னு முடிவு பண்ணுச்சு.

குடுத்தவங்களுக்கு நன்றி சொல்லாம மேல கேக்க வாய் வரல. பெண்கள் ஐக்கிய சங்கம் 14 மாசம் பிடி அரிசி சேத்து வித்து 61,400 குடுத்தாங்க, இந்த காலத்துலயும் பானை வெச்ச அந்த அக்காமாருக்கு கும்பிடு. ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் நர்ஸா நின்னு ரிட்டயர் ஆன அக்கா 50,000 குடுத்துட்டு பேர படிக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க, படிக்கல. ஷூ கம்பெனி தங்கச்சிங்க ஓவர்டைம் காசுல ஆளுக்கு ஆயிரம்னு எழுதி, ஒருத்தர் பாக்கியில்லாம கட்டிட்டாங்க. ஆட்டோ ஓட்டுற தம்பி பிரதி சனிக்கிழமை 100 ரூபா, ஒரு வாரம் விட்டதில்ல. சண்டே ஸ்கூல் பசங்க உண்டியல ஒடைச்சப்ப 2,318 ரூபா, எண்ணி முடிக்க எங்களுக்கு ரெண்டு மணி நேரம், அவ்ளோ சில்லறை. அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரே பூசணிக்கா மூணு தடவ ஏலம் போய் 4,200 ஆச்சே, எடுத்தவங்க மறுபடியும் மறுபடியும் காணிக்கையா வெச்சாங்க, அந்த பூசணிக்கா கடைசியில யாரு வீட்டு சாம்பார்ல போச்சோ தெரியாது. நம்ம சபை இல்லாதவங்களும் இருக்காங்க: மணல் ஏத்த லாரி சும்மா தரேன்னு சொன்ன கீழ்த்தெரு கவுண்டர் ஐயா, சாரக்கட்டைய வாடகை இல்லாம தரேன்னு சொன்ன பாய். சாரத்துக்கு போட்ட கணக்குல அத கழிச்சுத்தான் எழுதியிருக்கோம்.

இப்ப முக்கியமானது. வெளிநாட்டுல இருக்குற நம்ம குடும்பம் ஒண்ணு 2,00,000 தரேன்னு சொல்லியிருக்காங்க, ஒரே கண்டிஷன், மீதி 3,42,500 ஆகஸ்ட் 31க்குள்ள நம்ம சேக்கணும், இல்லன்னா இல்ல. இது என்ன கண்டிஷன்னு சில பேரு கோவிச்சுக்கிட்டாங்க. 1920கள்ல ஆசியாவுல இருக்குற பொம்பளப் பிள்ளைங்க கிறிஸ்டியன் காலேஜுங்களுக்கு அமெரிக்க கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரோட பண்ட் 10 லட்சம் டாலர் தரேன்னப்ப, நீங்க 20 லட்சம் கொண்டாங்கன்னுதான் சொன்னாங்க. அமெரிக்க சபை அம்மாமாரு சில்லறை சில்லறையா சேத்து கொண்டாந்தாங்க. வேலூர் மெடிக்கல் ஸ்கூலும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. கண்டிஷன் போட்டா கோவம் வரக்கூடாது, வேகம் வரணும்.

சபையில 118 குடும்பம். 71 குடும்பம் குடுத்தாச்சு, சிலது ரெண்டாவது தடவையும். 47 குடும்பம் இன்னும் ஒரு ரூபா எழுதல. வீட்டுக்கு 7,300 போட்டா இன்னிக்கே முடிஞ்சுது. வேலை இல்லாத வீடு, ஆஸ்பத்திரி செலவுல இருக்குற வீடு எது எதுன்னு எங்களுக்கு தெரியும், அவங்கள கேக்கல, அவங்க ஜெபம் பண்ணா போதும். ஆனா போன தையில மாடி எடுத்து டைல்ஸ் போட்டு பால் காய்ச்சினப்ப ஐயர கூப்ட்டு ஜெபம் பண்ண சொன்னீங்களே, அந்த வீடுங்களும் இந்த 47ல இருக்குது. கர்த்தரோட வீடு பாழா கெடக்குறப்ப நீங்க மச்சு வீட்ல இருக்குறதான்னு ஆகாய் தீர்க்கதரிசி கேட்டாரு, நாங்க கேக்கல. உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்னும் வேதத்துல இருக்குது, உற்சாகம் கொஞ்சம் லேட்டா வந்தாலும் 31ஆம் தேதிக்குள்ள வரட்டும். ஒங்க பிள்ளைக்கு கல்யாணம் இந்த கூரைக்கடியிலதான் நடக்கணும், ஒங்கள கடைசியா கொண்டாந்து வைக்கிறதும் இங்கதான்.

பணமா குடுக்கறவங்க ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பொருளாளர் மேசையில குடுத்து ரசீது வாங்கிக்கோங்க, ரசீது இல்லாம யார் கையிலயும் குடுக்காதீங்க, கமிட்டி மெம்பரா இருந்தாலும் சரி. பேங்க்ல போடுறவங்களுக்கு சபை அக்கவுண்ட் நம்பர் நோட்டீஸ் போர்டுல இருக்குது. மொத்தமா முடியாதுன்னா மூணு தவணை, ஆனா மொத தவணை இந்த மாசம். வரவு செலவு புஸ்தகம் சாக்ரிஸ்டி, அதான் ஐயர் அங்கி மாத்துற ரூம், அங்க மேசை மேலேயே இருக்கும், யாரு வேணா பொரட்டி பாக்கலாம். ஓடு எறக்கற அன்னிக்கு வாலிபர் சங்கம் பூரா காலையில ஆறு மணிக்கு நிக்கணும், கூலி ஆள் கொறஞ்சா காசு மிச்சம்.

கடைசியா ஒரு விஷயம். பாக்கறதுக்காக கழட்டி வெச்ச முத்திரை ஓட்டுல மூணு காணோம். ஞாபகத்துக்கு எடுத்துட்டு போனவங்க ராத்திரியில வந்து வாசப்படியில வெச்சிடுங்க, யாருன்னு கேக்கமாட்டோம், அந்த மூணும் திரும்ப கூரை மேல ஏறணும்.