வேலியோரத்துக் காந்தள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிறது என்று எழுதியிருந்தாய். டாக்டர் கொடுத்த மாத்திரை கோல்சிசின் என்று படித்ததும் நம் ஓடைக்கரைதான் கண்முன் வந்தது. அந்த மருந்தை நம் கண்வலிக்கிழங்குக் கொடியின் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள். பார்த்தாலே கண் வலிக்கும் என்று உன் அம்மாயி நம்மை விரட்டுவாரே, அதே செங்காந்தள்!

இங்கே மூலனூர்ப் பக்கம் இப்போது அது தோட்டப்பயிர். கம்பிப் பந்தலில் ஏற்றி, காலையில் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதை வெளிநாட்டுக்குப் போகிறது. நாலு பேர் பிழைக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றியிருக்கும் கிளுவைச் செடி வேலிகளைப் பிடுங்கிக் கம்பி வேலி போடுகிறார்கள் பார், அதுதான் தாங்கவில்லை. பற்றி ஏற வேலி இல்லாவிட்டால் தானாக முளைக்கிற காந்தள் எங்கே போகும்? மாநில மலர் என்று புத்தகத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

சென்ற ஆனியில் பக்கத்துக் காட்டில் வேலியைப் பெயர்த்தபோது, புரண்ட மண்ணில் ஒரு கிழங்கு கிடந்தது. கலப்பை போல வளைந்து, முனையில் சின்ன முளையோடு. எடுத்து வந்துவிட்டேன். விஷமாயிற்றே என்று மருமகள் தயங்கினாள். நியாயமான பயம். கிழங்கு, தண்டு, விதை எல்லாமே விஷம். வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று செத்தவர்கள் உண்டு. ஆடும் குழந்தைகளும் போகாத கொல்லை மூலையில் நட்டேன்.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று நினைவிருக்கிறதா? காதலன் மலையில் மாலையில் பெய்த மழை, காலையில் வெள்ளத்தோடு ஒரு காந்தளை அடித்துக்கொண்டு வருகிறது. இலை குழையக் குழைய அதைத் தழுவிக்கொள்கிறாள் அவள். வீட்டுக்கு எடுத்துப்போய் நடுகிறாள். தாய் தடுக்கவில்லை. அந்தத் தாய்க்குக் கைம்மாறாக மேலுலகமும் சிறிது என்கிறாள். பள்ளியில் படித்தபோது அது வெறும் பாட்டு. கை நிறைய மண்ணோடு கிழங்கை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தக் கார்த்திகையில் பூத்துவிட்டது, சுந்தரம். இலை நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே கொடியில் பச்சை மொட்டு, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக ஒரு பூ, முழுக்கச் சிவந்த பூ ஒன்று. ஆறு இதழும் ஓரம் நெளிந்து மேல்நோக்கி மடிந்திருக்க, சூல்தண்டு மட்டும் ஒடிந்தாற்போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மருமகள் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

வீக்கம் வற்றியதும் புறப்பட்டு வா. மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூடப் போட்டுவிடாதே.

அன்புடன்,
ராமசாமி