நகோயாவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் மீனாவுக்கு,

யாழினிக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசியின் படிவம் வந்திருப்பதை மாப்பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். நான் கேட்கும்போதெல்லாம் நீ வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். எதையும் விசாரிக்காமல் பிள்ளைக்குச் செய்யமாட்டாய் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஓய்வு பெறும்வரை ஊசி போட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் பயத்தின் காரணம் எனக்குத் தெரியும். ஜப்பானில் 2013 ஏப்ரலில் வழக்கமான பட்டியலில் சேர்ந்த இந்தத் தடுப்பூசியைப் பரிந்துரைப்பதை அரசு ஜூனிலேயே நிறுத்தியது. தீராத வலி, நடக்க முடியாமை என்று சிறுமிகள் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் கண்ட பெற்றோர் பின்வாங்க, 70 சதவீதத்துக்கு மேல் இருந்த, ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிகளின் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. அந்தப் பிள்ளைகளின் வலி பொய்யென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஊசிக்குப் பின் வந்தது ஊசியால் வந்ததா என்பதை, ஊசி போடாத பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தால்தான் சொல்ல முடியும். அதை 2015இல் உங்கள் ஊர் மாநகராட்சியே செய்தது. 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டு, ஏறக்குறைய 30,000 இளம்பெண்களின் பதில்களை ஒப்பிட்டதில், ஊசி போட்டவர்களுக்கு அவை கூடுதலாக வந்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் அரசு மீண்டும் பரிந்துரைக்கத் தொடங்கியது.

பக்க விளைவே இராது என்று நான் எழுதவில்லை. கை வலிக்கும், வீங்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசி என்ற பயத்திலேயே மயங்கி விழுவதுண்டு. ஆகவே அரை மணி நேரம் அங்கேயே உட்கார வை. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் தவணைக்குச் சுமார் 1.7 என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2017இல் கணித்தது. அரிதுதான், ஆனால் வந்தால் உடனே மருந்து கொடுக்க வேண்டும், அதற்கும் அந்த அரை மணி நேரம் வேண்டும்.

ஊசியின் பெயர், தொகுதி எண், தேதியைக் குறித்து வை. பிறகு வலி நீடித்தால் அவள் சொல்வதை நம்பி மருத்துவரிடம் அழைத்துப் போ. சந்தேகம் இருந்தால் அரசுக்குத் தெரிவிப்பது அவர் கடமை. இதற்கென்றே ஒவ்வொரு மாகாணத்திலும் மருத்துவமனை ஒதுக்கியிருக்கிறார்கள்.

உன் பெரியம்மா அந்தப் புற்றுநோயால் பட்டதை நீ பார்த்தாய். அவள் காலத்தில் இந்த ஊசி இல்லை. யாழினிக்கு இருக்கிறது, மீனா.

காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதே. ஊசி போட்டவுடன் பள்ளிக்கு நேரமாயிற்று என்று எழுந்து ஓடாமல், அரை மணி நேரம் உட்கார வை.

அன்புடன்,
அம்மா